நடுங்கும் படகுக்கு நாடி பார்க்கும் தீவு

மலேயாவின் வடமேற்கு மூலையில், 99 தீவுகள் கொண்ட கூட்டத்துக்கு லங்காவி என்று பெயர். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை சென்ற கடாரம், அதாவது இன்றைய கெடா மாநிலத்தைச் சேர்ந்தவை இவை. குவா துறையில் இறங்குகிறவர்கள் பெரிய கழுகுச் சிலையடியில் படம் பிடித்துக்கொண்டு, சுங்கமில்லாக் கடைகளில் சாக்லேட்டும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். மேற்கே ரெபாக் என்ற குட்டித் தீவுக்கும் படகேறிப் போய் வாருங்கள்.

அங்கே பாய்மரப் படகுகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியே நடக்கிறது. சக்கரம் வைத்த ராட்சதச் சட்டம் ஒன்று, படகைத் தூளிக் குழந்தையைப்போல் இரண்டு பட்டைகளில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருகிறது. வயதான படகுகள் முட்டுக் கொடுத்து வரிசையாக நிற்கின்றன. ஏணியில் ஏறிப் பார்த்தால் மேலே குடித்தனம்! கொடியில் துணி உலர்கிறது. அடுப்பில் காப்பி கொதிக்கிறது. உலகம் சுற்றும் தம்பதிகளுக்கு அதுதான் வீடு.

"பாய்மரப் படகுக்கு யந்திரம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நடுக்கடலில் காற்றே போதும். ஆனால் பாறைகளுக்கு நடுவே குறுகலான வழியில் நுழையும்போதும், காற்று ஓய்ந்த வேளையில் நீரோட்டம் கரைப்பக்கம் இழுக்கும்போதும் உயிரைக் காப்பது யந்திரம்தான். இலங்கைக்குப் போக ஏற்ற வடகிழக்குக் காற்று டிசம்பரிலிருந்து மார்ச் வரையில்தான். அந்தச் சமயத்தில் யந்திரம் மக்கர் செய்தால் ஒரு வருஷமே வீண்.

பழைய படகுகளுக்கு இரண்டு நோய்கள் சகஜம். ஒன்று நடுக்கம், கியர் போட்டதும் தரைப்பலகை முதல் தட்டு டம்ளர் வரை கிணுகிணுக்கும். மற்றொன்று நழுவல், யந்திரம் 'உர்'ரென்று வேகமாகச் சுற்றும், படகு மட்டும் நகராது. விஷயம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் கியர் பெட்டியைப் பிரிப்பதில்லை. செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

முதலில் கியர் போடாமலே யந்திரத்தை முடுக்கிப் பார்க்கிறார்கள். அப்போதும் நடுங்கினால், குற்றம் யந்திரத்திலோ அதைத் தாங்கும் ரப்பர்க் கால்களிலோ இருக்கிறது. கியர் போட்டால்தான் நடுக்கம் என்றால் தண்டையும் புரொப்பெல்லரையும் பார்க்க வேண்டும். யந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து வைத்த பிறகே ஒருவர் நீரில் மூழ்குகிறார். வெதுவெதுப்பான கடலில் சில வாரம் சும்மா நின்றால் புரொப்பெல்லரில் கொட்டலசு என்னும் ஓட்டுப்பூச்சி அப்பிக்கொள்ளும். ஓர் இறக்கை வளைந்த மின்விசிறி வீட்டில் எப்படி ஆடுகிறது! அதே கதைதான். சுரண்டி எடுத்ததும் பல படகுகள் சாதுவாகிவிடும்.

கரையில் ஏற்றியதும் தண்டைக் கையால் ஆட்டிப் பார்க்கிறார்கள். ரப்பர் பதித்த பித்தளைக் குழாய்க்குள் அது சுழல்கிறது. கடல்நீரே அதற்கு எண்ணெய். கடகடவென்று ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கியர் பெட்டியையும் தண்டையும் இணைக்கும் இரு வட்டத் தட்டுகளைக் கடைசியில், படகு மிதக்கும்போதுதான் அளக்கிறார்கள். முட்டுக் கொடுத்த நிலையில் படகின் உடம்பு சற்று வளைந்திருக்கும். 4 அங்குலத் தட்டில் இடைவெளி வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 பங்கைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன்!

நழுவலுக்குச் சோதனை இன்னும் எளிது. தட்டிலும் தண்டிலும் சேர்த்துச் சாக்கட்டியால் ஒரு கோடு. கியர் போட்டு ஓட்டி, நிறுத்திப் பார்க்கும்போது கோடு பிரிந்திருந்தால் இணைப்பில்தான் கோளாறு. கோடு பிரியாமல், யந்திரத்தின் வேகத்துக்குத் தண்டு சுற்றவில்லை என்றால் கியர் பெட்டியின் எண்ணெயைப் பார்க்கிறார்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தீய்ந்த வாசனை வந்தால் கிளச் தட்டுகள் கருகியிருக்கின்றன. கியர்க் கம்பி முழுதாக இழுபடாததும் ஒரு காரணம்.

இரண்டு நோய்க்கும் தாய் ஒன்றாக இருப்பதுண்டு. தண்டு கோணலாகச் சுற்றினால் பெட்டியின் எண்ணெய் அடைப்பு தேய்கிறது, எண்ணெய் ஒழுகுகிறது, எண்ணெய் குறைந்தால் கிளச் நழுவுகிறது. நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு கிளச்சை மட்டும் மாற்றியவர், பணத்தைக் கொட்டிவிட்டு மறுபடி அதே கதிக்கு வருகிறார்.

வைத்தியம் முடிந்த படகைத் தூளியில் நீரில் இறக்கி, ஒரு நாள் மிதக்கவிட்டு, தட்டுகளை மறுபடி அளக்கிறார்கள். பிறகு கியர். டம்ளர்கள் வாய் திறக்காமல் இருந்தால் அதுவே நல்ல சகுனம். இலங்கைக்குப் பாய் விரிக்கலாம்!