பங்களாவின் பின்கட்டு

செட்டிநாட்டுச் சமையல் என்றால் மிளகாய்க் காரம்தான் என்று நகரத்து உணவகங்கள் பரப்பிவிட்ட அபிப்பிராயம் எத்துணைப் பிழையானது என்பதை அறிய விரும்புவோர், காரைக்குடியில் ‘தி பங்களா’ என்று வழங்கும் விடுதிக்குச் சென்று, சாப்பாட்டுக் கூடத்தில் இலையின் முன் அமர்வதற்கு முன்னால், பின்கட்டில் உள்ள அடுக்களையைச் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பேன். கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் வறுபடும் வாசனையே அங்கு முதலில் நம்மை வரவேற்கிறது. மிளகாய் அவற்றோடு ஒன்றாக நிற்கிறதேயன்றி அவற்றை அடக்கி ஆள்வதில்லை.

எம்.எஸ்.எம்.எம். குடும்பத்தார் விருந்தினரை உபசரிக்கும் பொருட்டுச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த அந்தக் கட்டிடம், 1999-இல் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சியின் பிரயாசையால் விடுதியாயிற்று. பெரும்பாலோர் ஓய்வை நாடும் பிராயத்தில் அவர் இதனைத் தொடங்கினார். எஸ். முத்தையா, விசாலாட்சி இராமசாமி ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘தி செட்டியார் ஹெரிடேஜ்’ 2000-இலும், சுமீத் நாயருடன் சேர்ந்து எழுதிய ‘தி பங்களா டேபிள்’ என்னும் சமையல் நூல் 2014-இலும் பிரசுரமாயின. விடுதி முந்தியது, சமையல் நூல் பிந்தியது என்னும் இந்த வரிசையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், பதினைந்து ஆண்டுகள் இலைதோறும் பரிமாறிப் பார்த்த பின்னரே அந்தப் பாகங்கள் ஏடேறின.

நான் சென்றிருந்த முற்பகலில் வெள்ளைப் பணியாரத்திற்கு மாவு தயாராகிக்கொண்டிருந்தது. பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் குவித்து, சரியாமல் எவ்வளவு நிற்குமோ அவ்வளவே உளுந்தின் அளவு என்பது அந்நாட்டுச் சம்பிரதாயம். “தட்டிப்புடக் கூடாதுங்கய்யா, கோபுரமா நிக்கணும்” என்றார் மூத்த சமையற்காரர். ஊறிய அரிசியையும் உளுந்தையும் வெண்ணெய்போல் ஆட்டி, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, புளிக்க விடாமல் உடனே ஒவ்வொரு கரண்டியாகக் காய்ந்த எண்ணெயில் ஊற்றுகிறார்கள். அடியில் சென்ற மாவு உப்பி மேலெழுந்ததும் திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் போதிய அளவு காயாவிட்டால் பணியாரம் எண்ணெய் குடிக்கும். மிஞ்சிக் காய்ந்தாலோ சிவந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பதத்தை அவர் எண்ணெயின் ஓசையைக் கேட்டே நிர்ணயித்தார்.

கோப்பையும் கரண்டியுமாக அளவு எழுதும் நூலாசிரியர், இத்தகைய செவியறிவை எவ்வாறு வாக்கியத்தில் அடக்குவது? அதற்கு அடுப்பருகே நின்று கேட்கும் பொறுமையும், கைத்தொழில் வல்லவரை ஆசிரியராக மதிக்கும் பணிவும் வேண்டும். உயர்ந்த சமையல் நூல்கள் யாவற்றிற்கும் பெயர் அச்சேறாத சமையற்காரர்களே மூல ஆசிரியர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த அடுப்பில், அரிசி களைந்த கழுநீரில் புளி கரைத்து வெண்டைக்காய் மண்டி கொதித்தது. வீட்டில் எதையும் வீணாக்காத சிக்கனமும், கடல் கடந்து பொருளீட்டிய செல்வமும் ஒரே இலையில் சந்திப்பதுதான் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் உணவுக்குரிய தனிச்சிறப்பு: கழுநீர் மண்டியை உண்ட அதே இலையில், பர்மாவில் லேவாதேவி நடத்தியவர்களின் ஞாபகமாக, கருநிறக் கவுனி அரிசி சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கலந்து இனிப்பாக வந்து விழுகிறது.

திருமணத்திற்கும் விசேஷத்திற்கும் மட்டுமே அடுப்பேறிய பலகாரங்கள் விடுதியில் அடிக்கடி செய்யப்படுவதால், பழகுவோருக்குக் கை ஓயாத பயிற்சி கிடைக்கிறது. அன்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணை அழைத்து, பெரியவர் கரண்டியைக் கொடுத்தார். அவள் ஊற்றியவற்றில் இரண்டு சிவந்துவிட, அவற்றை ஒதுக்கி வைத்து, “தீயைக் குறைச்சுட்டு அடுத்ததை ஊத்து, ஆத்தா” என்றார்.