கடற்கரை மணலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்!

ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில் மேற்கே பார்த்தால் மலை தெரியும், கடல் தெரியாது. தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போனால்தான் அலையில் கால் நனைக்க முடியும். போர்க்கப்பல் என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்குச் சினிமாவிலும் செல்போனிலும் பார்த்ததுதான். அதிலும் நீர்மூழ்கிக் கப்பல் கடலோரத்தில் இருப்பவர்கள் கண்ணுக்கே படாத ஒன்று. கண்ணில் படாமல் இருப்பதுதானே அதன் வேலை!

அப்படிப்பட்ட கப்பலின் வயிற்றுக்குள் போய், முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து பார்த்துவிட்டு வர ஓர் இடம் இருக்கிறது. விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், சாலையோரமாக மணலில் நிற்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா.

31 வருட உழைப்பாளி

குர்சுரா சோவியத் நாட்டில் கட்டப்பட்டது. 1969 டிசம்பர் 18-ல் ரீகா துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. நம் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான கல்வாரி வந்து அப்போது இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது.

நீளம் 91 மீட்டர். நம் ரயில் பெட்டிகள் நாலை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. இடையில் சில வருடங்கள் ஓடாமல் நின்றபோது, இதன் பாகங்களைக் கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்குப் பொருத்தினார்கள். பிறகு 1980-லிருந்து 1982 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் மறுபடி உயிர் வந்தது. 2001 பிப்ரவரி 27-ல் ஓய்வு பெற்றபோது இது கடந்திருந்த தூரம் 73,500 கடல் மைல், அதாவது சுமார் 1,36,000 கிலோமீட்டர். பூமியை மூன்று முறைக்கு மேல் சுற்றி வந்த கணக்கு.

ஓய்வு பெற்ற கப்பல்கள் பெரும்பாலும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். குர்சுராவுக்கு வேறு தலையெழுத்து. கரைக்கு இழுத்து வந்து கான்கிரீட் மேடையில் உட்கார வைத்தார்கள். 2002 ஆகஸ்ட்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

குனிந்து போக வேண்டிய வீடு

படியேறி உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது டார்பிடோ அறை. டார்பிடோ என்பது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய் எதிரிக் கப்பலைத் தாக்கும் ஆயுதம். அதை ஏவ முன்பக்கம் ஆறு குழாய்கள், பின்பக்கம் நாலு. மொத்தம் 22 டார்பிடோக்களை எடுத்துப் போக முடியும். அந்த ஆயுதங்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கைகள். தலைக்கு ஒரு பக்கம் இரும்புச் சுவர், மறுபக்கம் வெடிமருந்து. அங்கேதான் தூங்கியிருக்கிறார்கள்.

ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போக சாதாரணக் கதவு கிடையாது. வட்டமான சின்ன வாசல். தலையைக் குனிந்து, ஒரு காலை முதலில் வைத்து, உடம்பைச் சுருக்கித்தான் நுழைய வேண்டும். ஏன் இப்படி? எங்காவது ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் உடனே மூடி மற்றதைக் காப்பாற்ற வேண்டும். வாசல் சின்னதாக இருந்தால்தான் சட்டென்று அடைக்கலாம், அழுத்தத்தையும் தாங்கும்.

அந்த அழுத்தம் லேசுப்பட்டதல்ல. 250 மீட்டர் ஆழத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தின் மேல் சுமார் இரண்டரை டன் எடை அழுத்தும். கப்பல் முழுக்க அதைத் தாங்க வேண்டும்.

இந்தக் குழாய்க்குள் 75 பேர் இருந்தார்கள். குழாய்களும் வால்வுகளும் கடிகார முகங்களும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ள, மிச்சமிருந்த சந்துதான் மனிதர்களுக்கு. சமையலறை என்பது ஓர் அலமாரி அளவு. நல்ல தண்ணீரை எண்ணி எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும் என்பதால் நாள் கணக்கில் குளியல் கிடையாது. ஜன்னல் இல்லை. வெளியே பகலா, இரவா என்பதைக் கடிகாரம்தான் சொல்லும்.

மாலுமிகள் வேலை செய்வது போன்ற பொம்மைகளை அங்கங்கே வைத்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டுபவர்களில் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. தயங்காமல் கேள்வி கேட்கலாம். பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்.

மூச்சு வாங்கும் கப்பல்

கப்பல் எப்படி மூழ்குகிறது, எப்படி எழுகிறது? பக்கவாட்டுத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் எடை கூடி மூழ்கும். அழுத்திய காற்றைச் செலுத்தி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் மேலே வரும். அவ்வளவுதான்.

சிக்கல் இன்ஜினில் இருக்கிறது. டீசல் இன்ஜின் ஓடக் காற்று வேண்டும். தண்ணீருக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் மூழ்கியிருக்கும்போது பேட்டரியில்தான் ஓடும். தரைக்குக் கீழே வரிசையாகப் பெரிய பெரிய பேட்டரிகள். சார்ஜ் தீர்வதற்குள் மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்து, ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் இன்ஜினை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி கண்ணில் பட வாய்ப்புள்ள நேரம் அதுதான். நம் வீட்டில் செல்போன் சார்ஜ் குறைந்தால் வரும் பதற்றத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்!

இன்னொரு எதிரி சத்தம். தண்ணீருக்குள் ஒலி வெகுதூரம் போகும். கையிலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தாலும் ஆபத்து. 75 பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், குரல் உயர்த்தாமல் வாழப் பழக வேண்டும். இந்தக் கப்பலின் பலம் 22 டார்பிடோக்களில் மட்டும் இல்லை, அந்தப் பொறுமையிலும் இருந்தது என்பது உள்ளே நடக்கும்போது புரியும்.

எதிரே இருக்கும் கடல்

1971 போர் வெடிப்பதற்கு முன்பே, நவம்பர் மாதத்தில், குர்சுரா அரபிக்கடலில் ரோந்துக்கு அனுப்பப்பட்டது. எதிரிதான் என்று உறுதியாகத் தெரியாமல் யாரையும் தாக்கக் கூடாது என்பது கட்டளை. அந்தப் போரில் நம் நீர்மூழ்கிகள் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. காத்திருந்தார்கள், கவனித்தார்கள், திரும்பி வந்தார்கள்.

எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. குர்சுராவிலிருந்து வெளியே வந்து கடலைப் பாருங்கள். 1971 டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி இந்த ஊருக்கு எதிரேதான் மூழ்கியது. நம் ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய குண்டுகளால் என்கிறது இந்தியா. உள்ளே ஏற்பட்ட வெடிப்பு என்கிறது பாகிஸ்தான். உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களும் இதே போன்ற சந்துக்குள், இதே போன்ற படுக்கைகளில் இருந்தவர்கள்தான். அதே கடற்கரையில் வெற்றிச் சின்னமும் இருக்கிறது. குர்சுராவுக்குள் நடந்துவிட்டு அங்கே போய் நிற்கிறவர்களுக்கு வெற்றியோடு சேர்த்து அதன் விலையும் நினைவுக்கு வரும்.

நம் பக்கத்துத் தொடர்பு

ஆழத்தில் இருக்கும் கப்பலுக்குச் சேதி சொல்வது எப்படி? சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள்தான் ஓரளவு ஆழம் வரை இறங்கும். அதை அனுப்ப மிக உயரமான கோபுரங்கள் வேண்டும். அந்தக் கோபுரங்கள் இருப்பது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தில்! கடலுக்கடியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சேதி போவது நம் தெற்குச் சீமையின் காட்டு நிலத்திலிருந்துதான்.

தமிழ்நாட்டுக்கே ஒரு நீர்மூழ்கி அருங்காட்சியகம் வந்திருக்க வேண்டியது. 2010-ல் ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். வாக்லியை மாமல்லபுரத்தில் வைக்கத் திட்டம் போட்டார்கள். நடக்கவில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வேகத்துக்கு முன் திட்டங்கள் மெதுவாக நடந்தால் கப்பல் மிஞ்சாது. 2002-லிருந்து கடற்கரையிலேயே குர்சுராவைக் காத்து வருவது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போதுதான் தெரிகிறது.

போவது எப்படி?

ராஜபாளையத்தில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. அன்று மாலை சென்ட்ரலில் ஹவுரா மெயில் பிடித்தால் மறுநாள் காலை விசாகப்பட்டினம். அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மற்ற வேலை நாள்களில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம் என்பதால், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உள்ளே புழுக்கமாக இருக்கும். பெரிய பைகளை அறையிலேயே வைத்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும், அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் யோசித்து நுழைய வேண்டும். அவர்களுக்கு எதிர்ப்புறம் டி.யூ.-142 விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நீர்மூழ்கிகளை வானிலிருந்து தேடிப் பிடித்த விமானம் அது. ஒளிந்தவனையும் தேடியவனையும் ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிடலாம்.