கூடாரத்துக்கு என்ன வாடகை?

கல்யாணமான மூன்றாம் வருடம்தான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. பைக்கில் கோத்தகிரி போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் படம் எடுத்தோம். காட்டில் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் தேயிலைச் சரிவோரம் தனியார் இடத்தில் கூடாரம் எடுத்தோம்.

விடிந்ததும் மலையேறக் கிளம்பினோம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர், "எந்த ஊரு கண்ணு?" என்றார். திருப்பிக் கேட்டோம். சிரித்தார். "பொறந்தது பதுளை."

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகள் பேசி முடித்தன. அந்த மக்களைக் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள், பெரும்பாலும் நம் சேரி மக்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு நீலகிரியில் தேயிலை நட்டது. இன்றைய டேன்டீ அதுதான். முதுகலைத் தேர்வில் இதைப் 'புலப்பெயர்வு' என்று எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறோம்.

"அடுத்த மாசம் ரிட்டயர். லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றவர், எங்கள் கூடாரத்தைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு ராத்திரிக்கு என்ன வாடகை?"

பாதியாகக் குறைத்துச் சொன்னோம். அதற்கே வாயில் கை வைத்தார்.