பில்பாவோவிற் கண்ட பூ நாய்

நாய்க்குட்டி ஒன்றைப் பார்ப்பதற்காக நாடு விட்டு நாடு சென்றோம் என்று கூறினால் வாசகர்கள் நகைப்பார்கள். நாமும் புறப்படும்போது நகைத்துக்கொண்டுதான் புறப்பட்டோம். திரும்பி வரும்போது அந்த நகைப்பு எங்கே போயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பாரிஸ் நகரில் வாழும் எம் சகோதரியின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். லூவர் நூதனசாலையின் கற்சிலைகளையும் ஓவியங்களையும் கால் கடுக்கக் கடுக்க நடந்து பார்த்தாயிற்று. ஒருநாள் இரவு உணவின்போது மருமகன், "மாமா, கல்லிலை செய்த சிற்பம் எல்லாம் பாத்திட்டியள். இனிப் பூவிலை செய்த நாய்க்குட்டி ஒண்டு காட்டிறன். ஸ்பெயினுக்கு வெளிக்கிடுங்கோ" என்றான். அதன் படத்தைத் தன் கைத்தொலைபேசியிற் காட்டினான். பார்த்ததும் எமக்குச் சிறிது ஏமாற்றமே உண்டாயிற்று. பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மையைப் பெரிதாக்கி வீதியில் வைத்துவிட்டால் அது கலையாகிவிடுமா? இருபது ஆண்டுகளாக இலக்கியமும் இரசனையும் கற்பித்து வரும் எமக்கு அக்கேள்வி எழுந்தது இயல்பேயாகும். ஆயினும் இளையவர்களின் ஆசையைத் தட்டுதல் தகாதென்று எண்ணி இசைந்தோம்.

பாரிஸிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் எல்லைப்புற ஊராகிய ஆந்தாய் வரை சென்று, அங்கிருந்து பஸ்வண்டியில் ஸ்பெயினுக்குள் நுழைந்தோம். ஸ்பெயின் என்றதும் எம் மனக்கண்ணில் வறண்ட சமவெளியும் சுடுவெயிலுமே தோன்றியிருந்தன. இங்கோ எங்கு நோக்கினும் பச்சை மலைகள், அவற்றின்மேல் முகில்கள், இடையிடையே மென்தூறல். இது பாஸ்க் மக்களின் நாடு. இவர்களின் தாய்மொழி உலகில் அறியப்பட்ட வேறெந்த மொழியோடும் உறவற்றது என்பர் மொழிநூலார்.

பில்பாவோ இம்மக்களின் பெருநகர். நெர்வியோன் ஆறு இதன் ஊடாகப் பாய்ந்து கடலை அடைகின்றது. சுற்றியுள்ள மலைகளில் இரும்புத்தாது கிடைத்தமையால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நகர் உருக்காலைகளாலும் கப்பற் கட்டும் துறைகளாலும் செழித்தது. 1970 களின் பிற்பகுதியில் அத்தொழில்கள் நலிந்தன. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், ஆற்று நீர் கழிவால் கறுத்துக் கிடந்தது. அந்நிலையிலேதான் பழைய துறைமுகக் கிடங்குகள் இருந்த ஆற்றங்கரையில், பிராங் கேரி என்னும் கட்டிடக் கலைஞர் வரைந்த குக்கன்ஹைம் நூதனசாலை எழுந்தது. 1997 ஆம் ஆண்டு அக்டோபரில் அது திறக்கப்பட்டது. டைற்றேனியத் தகடுகள் மீன்செதில்கள்போற் போர்த்திய அக்கட்டிடம், கரையேறிய பெருங்கப்பலைப் போலத் தோன்றுகின்றது. கப்பல் கட்டிய ஊருக்கு அது பொருத்தமே.

நகரின் நடுவிலிருந்து இப்பாராகிரே என்னும் நீண்ட வீதி நேராக அந்நூதனசாலைக்குச் செல்கின்றது. இருபுறமும் உயர்ந்த பழைய மனைகள். வீதியின் முடிவிலே வண்ணப் புள்ளி ஒன்று. நடக்க நடக்கப் புள்ளி காதாயிற்று, மூக்காயிற்று, முன்னங்கால்களாயிற்று. இறுதியில் வாசலின் முன்னே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நாய்க்குட்டியொன்று எம்மைக் குனிந்து பார்க்காமல் நகரத்தையே நோக்கிக்கொண்டிருந்தது.

அதன் உயரம் 12 மீற்றருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 40 அடி. எம்மூரில் ஒரு நடுத்தரத் தென்னை மரத்தின் அளவு எனலாம். ஸ்கொத்லாந்திலிருந்து வந்த வெள்ளை ரெறியர் இனத்து நாயின் சாயலில் அமைந்தது. ஆனால் மயிருக்குப் பதிலாக மேனியெங்கும் மலர். பெகோனியா, பெற்றூனியா, எம்மூர்க் காசித்தும்பையின் இனத்துப் பூக்கள் எனச் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் ஊதாவுமாகச் சுமார் 38,000 செடிகள் அதன் உடலில் வேர்விட்டு நிற்கின்றன. காற்று வீசும்போது அதன் தோல் சிலிர்ப்பதுபோல் இருந்தது.

இது எந்தக் கலைமரபிற் சேரும், இதனை எவ்வாறு மதிப்பிடுவது என்றெல்லாம் நாம் சிந்தித்துக்கொண்டு நிற்கையில், அருகே நின்ற எம் மனைவியார், "இஞ்சருங்கோ, இதுக்கு ஆர் தண்ணி ஊத்திறது?" என்று கேட்டார்.

மருமகன் சிரித்தான். எமக்கும் சிரிப்பு வந்தது. எனினும் அதுவே அன்று கேட்கப்பட்ட கேள்விகளிற் சிறந்தது என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

விடை இதுதான். நாயின் உள்ளே துருப்பிடியாத உருக்கினாலான எலும்புக்கூடு ஒன்று உண்டு. அதன்மேல் மண்ணை நிரப்பி, மண் சரியாதவாறு துணிபோன்ற விரிப்பினால் மூடி, அதிலே செடிகளை நட்டிருக்கின்றார்கள். உள்ளே ஓடும் குழாய்கள் வேர்களுக்கு நீரூட்டுகின்றன. ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் அக்டோபரிலும், சாரம் கட்டித் தோட்டக்காரர்கள் ஏறிப் பழைய செடிகளைக் களைந்து பருவத்திற்கேற்ற புதியனவற்றை நடுகின்றனர். கோடையிலே ஒரு நிறம்; மாரியிலே வேறொரு நிறம். 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் உலகமே முகத்தை மூடியிருந்தபோது, இந்நாய்க்கும் மலர்களாலேயே ஒரு முகக்கவசம் அமைத்தார்களாம். 2021 இல் நீர்க்குழாய்கள் பழுதடைந்தபோது, அவற்றைத் திருத்துவதற்கு நூதனசாலையார் பொதுமக்களிடம் நன்கொடை வேண்டினார்கள். கோயிற் கொடிமரத்துக்கும் தேருக்கும் ஊர்கூடிப் பணம் சேர்ப்பதைக் கண்ட எமக்கு அச்செய்தி புதுமையாகவும் பழமையாகவும் ஒருங்கே தோன்றியது.

இதனைச் செய்தவர் ஜெவ் கூன்ஸ் என்னும் அமெரிக்கர். 1955 இற் பிறந்தவர். 1992 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் காசெல் நகரிலே நடந்த புகழ்பெற்ற கலைக்காட்சிக்கு இவரை அழைக்கவில்லை. அயலூராகிய ஆரோல்சனில் ஓர் அரண்மனையின் முன்னே இந்நாய்க்குட்டியை முதன்முதல் எழுப்பினார். பின்னர் 1995 இல் இது சிட்னித் துறைமுகத்தின் அருகே நின்றது. 1997 இல் பில்பாவோவுக்கு வந்தது. வந்தது வந்ததே, ஊர்மக்கள் அதனைத் திரும்ப விடவில்லை. நாய் இங்கே இருக்கின்றது, பின்னால் தெரிவது அதன் கூடு என்று நூதனசாலையைச் சுட்டிக் கேலி பேசுவது இவ்வூரார் வழக்கம்.

இத்தகைய படைப்புகளின் மூலம் 'பொப்' கலை என்பதாகும். 1950 களிலும் 60 களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றியது. தேவர்களையும் வேந்தர்களையும் விட்டு, கடையில் விற்கும் சூப்புத் தகரத்தையும் விளம்பரப் படத்தையும் கலைப்பொருளாக்கியது. அதே வழியில் கிளேஸ் ஓல்டன்பேர்க் என்பவர் அன்றாடப் பொருள்களை மாளிகையளவிற்கு வளர்த்தார். துணி உலர்த்தும் கொடியிற் கவ்வும் கிளிப்பு ஒன்றை 45 அடி உயர உருக்குச் சிற்பமாக்கி, 1976 இல் பிலடெல்பியா நகர மண்டபத்தின் எதிரே நிறுத்தினார். இவர் 2022 இல் மறைந்தார். கூன்ஸ் அவருக்குப் பின்வந்த தலைமுறையினர்.

இதனால் என்ன பயன் என்று வாசகர்கள் வினவலாம். நாமும் வினவினோம். விடையை நூல்களிலே தேடாமல், வாசலின் முன்னுள்ள கற்படியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து, வருவோர் போவோர் முகங்களைப் பார்த்தோம். ஊன்றுகோலுடன் வந்த மூதாட்டி ஒருவர் நின்று, அண்ணாந்து, தமக்குள்ளே புன்முறுவல் பூத்து, நகர்ந்தார். கழுத்துப்பட்டி அணிந்த அலுவலர் ஒருவர் தொலைபேசியிற் கடுகடுத்துக்கொண்டே வந்தவர், நாயைக் கண்டதும் குரல் தணிந்தார். தந்தையின் தோளிலிருந்த குழந்தை கையை நீட்டி அழைத்தது. எல்லோரும் அண்ணாந்தே பார்த்தார்கள். குழந்தையாயிருந்தபோது நாம் அனைவரும் உலகை அண்ணாந்தே பார்த்தோம் அல்லவா? சிறியதைப் பெரிதாக்குவதன் மூலம், பெரியவர்களைச் சிறிது நேரம் சிறியவர்களாக்கிவிடுகின்றான் இச்சிற்பி. ஒரு பேரரசன் சிலையின் முன்னே நாம் சிறியவராகும்போது அச்சம் உண்டாகும். இந்நாய்க்குட்டியின் முன்னே சிறியவராகும்போது அச்சம் நீங்குகின்றது. பார்ப்பவருக்கு நம்பிக்கையும் பாதுகாப்புணர்வும் ஊட்டுவதே தம் நோக்கம் எனக் கூன்ஸ் கூறியிருக்கின்றார்.

கட்டிடத்தைச் சுற்றி ஆற்றங்கரைப் பக்கம் சென்றோம். அங்கே கூன்ஸின் மற்றொரு படைப்பு: பிறந்தநாள் விழாக்களில் ஊதித் திரிக்கும் பலூன்களைப்போன்ற ஏழு துலிப் மலர்கள். தொட்டால் அமுங்கும்போலத் தோன்றும். உண்மையில் பளபளக்கும் உருக்கு. அப்பாலே எட்டுக் கால்களை ஊன்றி நிற்கின்றது 30 அடி உயர வெண்கலச் சிலந்தி. அதன் பெயரை மருமகன் சொன்னபோது எம் காதில் 'மாமன்' என்று விழுந்தது. 'மமான்' என்பது பிரெஞ்சுக் குழந்தைகள் தாயை அழைக்கும் சொல்லாம்.

இதனைப் படைத்தவர் லூயிஸ் பூர்ஜுவா; பாரிஸில் 1911 இற் பிறந்து, நியூயோர்க்கில் வாழ்ந்து, 2010 இல் மறைந்தவர். அவரைப் பொப் கலைஞர் என்பது பொருந்தாது. கூன்ஸ் சிரிக்க வைக்கின்றார். இவ்வம்மையார் முதலில் நடுங்க வைக்கின்றார். அவருடைய தாயார் பழைய சித்திரக் கம்பளங்களின் கிழிசல்களை இழையோடி இழை சேர்த்துச் செப்பனிடும் தொழிலினர். இளவயதிலே இழந்த அத்தாயின் நினைவாகவே சிலந்தியைச் செய்தார். கால்களின் நடுவே நின்று மேலே நோக்கினால், வயிற்றுப் பையில் வெண்பளிங்கு முட்டைகள் தெரிகின்றன. அவற்றைக் கண்டபின் அச்சம் இரக்கமாகின்றது. திருவானைக்காவிலே சிவலிங்கத்தின்மேற் சருகு உதிராமல் வலை பின்னிக் காத்த சிலந்தியின் கதை எமக்கு நினைவு வந்தது. மறுபிறவியிற் சோழ மன்னனாகப் பிறக்கும் பேறு பெற்ற அச்சிலந்தி செய்த தொண்டும் காவல்தான்.

மாலையில் மீண்டும் நாயின் முன்னே வந்தோம். இச்சதுக்கத்தின் பெயர் என்ன என்று கேட்டோம். மருமகன் சிறிது தயங்கியே சொன்னான்.

1997 அக்டோபர் 13 ஆம் திகதி. நூதனசாலைத் திறப்புவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. ஸ்பெயின் மன்னர் வரவிருந்தார். பாஸ்க் நாட்டுத் தனியரசு கோரிய ஈட்டா என்னும் ஆயுத இயக்கத்தினர் தோட்டக்காரர் வேடத்தில், இந்நாய்க்குட்டிக்குச் செடி கொண்டுவந்தவர்கள்போல் வந்தனர். பூச்சட்டிகளுக்குள்ளே வெடிபொருள்களை மறைத்திருந்தனர். ஹோசே மரியா அகிரே என்னும் பாஸ்க் பொலிஸ் காவலர் ஐயுற்று அவர்களை வினவினார். அவரைச் சுட்டார்கள்; அவர் உயிரிழந்தார். வெடிகள் வெடிக்கவில்லை. அச்சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வியக்கம் 2011 இல் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தி, 2018 இல் தன்னைக் கலைத்துக்கொண்டது.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. வீதியோரத்தில் ஒரு பொதி கிடந்தால் மறுகரைக்கு விலகி நடக்கவேண்டும் என்று இளமையிலே கற்றுக்கொண்ட தலைமுறை எமது. பூச்சட்டியைப் பார்த்து ஐயுறும் கண் எத்தகையது என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. எவர் பக்கம் நியாயம் என்று வழக்குரைக்க நாம் அங்கே போகவில்லை. ஆனால், பிள்ளைகள் கைநீட்டும் ஒரு மலர்ப் பொம்மை அவ்விடத்தில் நிற்பதற்குள்ளே ஒரு மனிதனின் உயிர் அடங்கியிருக்கின்றது என்பதை அறிந்தபின், அதனை 'வெறும் விளையாட்டு' என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அண்ணாந்து பார்த்துச் சிரிப்பதற்கு ஓரிடம் ஓர் ஊரில் இருப்பது எவ்வளவு எளிதாகத் தோன்றுகின்றது! அது எவ்வளவு அரிது என்பதை இழந்தவரே அறிவர்.

மறுநாட் காலை பஸ்நிலையத்திற்குப் புறப்படுமுன் ஒருமுறை பார்த்துவரச் சென்றோம். இரவு பெய்த தூறலின் துளிகள் இதழ்களிற் பளிச்சிட்டன. மனைவியார் நாயின் பாதத்தருகே சிறிதுநேரம் நின்று, பின், "நல்லாத்தான் பாக்கினம்" என்றார்.

நாம் எழுத எண்ணியிருந்த கலை விமரிசனம் முழுவதும் அச்சொல்லில் அடங்கிவிட்டது. நாற்பதடி உயரமோ, முப்பத்தெண்ணாயிரம் மலரோ அந்நாயைப் பெரிதாக்கவில்லை. நீர் விடுபவனும், நாற்று நடுபவனும், காவல் நின்றவனும் சேர்ந்தே அதனைப் பெரிதாக்கியிருக்கின்றார்கள். கல்லிற் செய்தாலென்ன, பூவிற் செய்தாலென்ன. பேணுவார் இல்லாவிடின் கலையும் ஒரு கோடைக்குள் வாடிவிடும்.

ஊருக்குத் திரும்பிய முதல்நாள், பூட்டிக்கிடந்த வீட்டு முற்றத்திலே எம் செவ்வந்திச் சட்டிகள் பசுமை குன்றாமல் நிற்கக் கண்டோம். சொல்லாமலே அயல்வீட்டு அம்மையார் வேலிக்கு மேலால் தினமும் நீர் ஊற்றியிருந்தார்.