எண்ணி ஒன்று கூட

நன்னிலத்திலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பலில் நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கிய அந்தக் கப்பல் சில நாளிலேயே நின்றுபோய், மறுபடி 2024 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே நான் சீட்டு வாங்கிவிட்டேன். துணிமணி அடுக்கி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு என்ன எடுத்துப் போவது என்பதில்தான் இரண்டு வாரம் போயிற்று.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாகச் சிறுமியாய் இங்கே வந்தார். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு தேசத்துக்காரர்கள் ஆனார்கள். "நீங்க போறீங்கன்னா எங்க அக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வாங்க டீச்சர்" என்றார். அக்காவுக்கு மூன்று பேரப்பிள்ளைகள். ஆனால் அவர்கள் இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள் என்ற அறைகள். ஒரு வீட்டுக்குப் போகிறேன் என்றால் எல்லா வீட்டுக்கும் போகிறேன் என்று பொருள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அம்மா சொல்லிக்கொடுத்தது. எப்படிக் கொண்டுபோவது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் ராவுத்தர் மாமா. அப்பாவின் சிநேகிதர், பூந்தோட்டத்துக்காரர், சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். கீழத் தஞ்சையின் முஸ்லிம் ஊர்களில் இப்படிக் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவரைச் சபராளி என்பார்கள். அந்நாளில் நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். என் சின்ன வயதில் சிங்கப்பூருக்கு ரஜூலா என்ற கப்பல், அதற்கப்புறம் எம்.வி. சிதம்பரம். 1984 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தபின் அந்த வழியே மூடிப்போயிற்று.

மாமா புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நீல நிற விமானத் தபால் ஒன்று வரும். நலம் விசாரித்த பிறகு கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: பிள்ளைகள் இப்போது எத்தனை பேர், யார் யார் எந்த வகுப்பு? அப்பா எங்களை நிறுத்திவைத்துக் கேட்டுக் கேட்டுப் பதில் எழுதுவார். மாமா வந்து பெட்டியைத் திறந்தால் பாட்டிக்குக் கோடாலித் தைலம், அண்ணனுக்குத் தங்க மூடி போட்ட ஹீரோ பேனா, எனக்குக் காந்தம் வைத்த பென்சில் பெட்டி, தம்பிக்குப் பழ வாசனை வீசும் அழிப்பான். அந்த அழிப்பானைத் தம்பி அழிக்கவே இல்லை. முகர்ந்து முகர்ந்தே ஒரு வருஷம் வைத்திருந்தான். ஒரு கோடை விடுமுறையில், கடிதத்தில் எழுதாத அத்தை மகள் ஒருத்தியும் வீட்டில் இருந்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாமா சட்டைப் பையில் கைவிட்டு இன்னொரு அழிப்பான் எடுத்தார். "உனக்குன்னு தனியா வச்சிருந்தேன் தாயி" என்றார். அவள் வருவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா கேட்டபோது மாமா சொன்னார்: "எண்ணி ஒண்ணு கூட வச்சுக்கணும்மா. எந்த வீட்டுலயும் கணக்குல வராத புள்ள ஒண்ணு இருக்கும்."

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் அந்த வயதிலேயே பார்த்தேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். வெளியே வெள்ளைக்காரப் பயணிகள் சிலர். ஒருவர் பையிலிருந்து மிட்டாயை அள்ளி மேலே வீசினார். வாசலில் நின்ற பிள்ளைகள் விழுந்து புரண்டு பொறுக்கினார்கள்; அவரோடு வந்த அம்மாள் அதைப் படம் எடுத்தார். அண்ணனும் ஓடிப்போய் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தான், முழங்கையில் சிராய்ப்போடு. பாட்டி அவன் கையைப் பிரித்து மிட்டாயை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கோழிக்குத்தாண்டா இறைப்பாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கண் கலங்கியிருந்தது. அந்தப் பயணிக்குப் பிள்ளைகள்மேல் பிரியம் இருந்திருக்கும், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை. கம்போடியாவில் அங்கோர் வாட் பார்த்து வந்தவர்கள், கோயில் வாசலில் படஅட்டையும் காந்தப் பொம்மையும் விற்கும் பிள்ளைகள் "ஒன் டாலர்" என்று பின்னாலேயே வருவதைச் சொல்வார்கள். மனசு கேட்காமல் வாங்கிவிடுவோம், அல்லது எதையாவது கையில் திணிப்போம். புனோம் பென்னில் 1994இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பயணிகளைக் கேட்டுக்கொள்வதே அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான். தெருவில் நிற்கும் பிள்ளைக்கு வருமானம் வந்தால் அது தெருவிலேயே நிற்கும், பள்ளிக்கூடம் தூரமாகும். பிள்ளைக்குச் செய்ய நினைத்தால் அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு வேலை தரும் கடையில் வாங்குங்கள், அங்கே சாப்பிடுங்கள் என்கிறார்கள். கேட்கக் கடினமான சொல்தான். நீட்டிய பிஞ்சுக் கையைத் தாண்டி நடக்க எனக்கு வராது. ஆனாலும் அவர்கள் சொல்வதுதான் சரி.

லயத்துப் பிள்ளைகளுக்கு வாங்கப் போன திருவாரூர்க் கடைத்தெருவில் முதலில் கையில் எடுத்தது விளக்கு எரியும் பம்பரம். அதன் அடியில் சின்ன வட்ட பேட்டரி. பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். லயத்தில் தவழும் பிள்ளையும் இருக்கும். அண்ணனுக்குக் கொடுத்தது தம்பி வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? திருப்பி வைத்துவிட்டேன். பலூனும் அப்படியே; உடைந்த துண்டு தொண்டையை அடைக்கும். மிட்டாய் வேண்டாம். பல் வைத்தியர் பக்கத்தில் இல்லாத இடத்தில் இனிப்பைக் கொடுத்துவிட்டு நாம் கப்பலேறிவிடுவோம். தின்பண்டம் எதுவானாலும் பெற்றவளைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. ராவுத்தர் மாமா வீட்டில் வெளிநாட்டு ஜெல்லி மிட்டாய் வந்தால் அது எந்த மிருகத்தின் ஜெலட்டின் என்று பார்க்காமல் பிள்ளைகள் கையில் போகாது. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு அதிரசம் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கசகசா சேர்க்காதீர்கள். அங்கேயும் அமீரகத்திலும் அது தடை செய்த பொருள்.

தலையாட்டி பொம்மை மேல் எனக்கு ஆசை. தஞ்சாவூர் என்று சொல்ல அதைவிட என்ன இருக்கிறது? எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காரும் ராஜா ராணி. முன்பொரு முறை வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கு ஒன்று எடுத்துப்போனேன். துண்டில் சுற்றிப் புடவைக்கு நடுவே வைத்தும், போய்த் திறந்தபோது ராணியின் கழுத்து உடைந்திருந்தது. அந்தக் குழந்தை உடைந்ததைப் பார்த்து அழவில்லை; என் முகத்தைப் பார்த்து அழுதது. இந்த முறை எடுக்கவில்லை.

கடைசியில் டீச்சரின் அக்காவையே தொலைபேசியில் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். "ஒன்னும் வேணாம், நீங்க வந்தா போதும்" என்று நாலு முறை சொன்னார். ஐந்தாவது முறை, "கொப்பி கெடைச்சா நல்லது" என்றார். நாம் நோட்டு என்பதை அவர்கள் கொப்பி என்பார்கள். 2022இல் அந்த நாடு நொடித்தபோது, காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வையே தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு கொப்பி விலை ஏழை வீட்டுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அதிலும் கணக்குக்குச் சதுரக் கோடு போட்டது வேண்டும் என்றார். இங்கே கிடைப்பது அங்கே வகுப்புக்கு ஆகுமா என்று தெரியாது, சுமையும் கூட. ஹட்டன் கடையிலேயே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அந்தக் கடைக்காரரும் நாலு காசு பார்க்கட்டும்.

நன்னிலத்து மண்ணிலிருந்து எடுத்துப்போனது இரண்டே பொருள். ஒன்று, கூத்தனூர்ப் பேனா. எங்களுக்குப் பக்கத்து ரயில் நிலையமான பூந்தோட்டத்தில் இறங்கினால் சரஸ்வதி கோயில். பரீட்சைக்கு முன்னால் டெல்டாப் பிள்ளைகள் பேனாவை அவள் காலடியில் வைத்து எடுத்துப்போவார்கள். மூன்று பேரப்பிள்ளைகளுக்கு மூன்று பேனா, கூட ஒன்று. இன்னொன்று, பரமபதப் படம். போன வைகுண்ட ஏகாதசிக்கு வாங்கியது போக இன்னும் மூன்று தேடிப்பிடித்தேன். மடித்தால் கையகலம். ஒரு படத்தைச் சுற்றி ஆறு பிள்ளைகள் உட்காரலாம், பத்துப் பேர் எட்டிப்பார்க்கலாம். தாயக்கட்டைகளைத் துணிப்பையில் முடிந்துகொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி, கண்டியிலிருந்து ஹட்டன். மழையில் நனைந்த பச்சை மலைகள். லயத்தில் இருபத்துமூன்று பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார்கள். நான் எண்ணியபோது முப்பத்தொன்று. அடுத்த லயத்துக்கும் சேதி போயிருந்தது. அக்கா என் கொப்பிக் கட்டைப் பார்த்ததும், "இங்க வச்சுப் பிரிக்காதீங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல குடுத்துருவோம். யாருக்குத் தீந்து போவுதோ அவுங்களுக்கு சேர் குடுப்பாரு" என்றார். பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. கொப்பிகள் அப்படியே பள்ளி அலமாரிக்குப் போயின. யார் கையில் எது சேரும் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் என் பெயர் தெரியாது. எனக்கு அது நிறைவாகவே இருந்தது.

பரமபதப் படங்களைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொடுத்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மாலையில் பெரிய பிள்ளைகளும் தம்பி தங்கையைக் கூட்டிப்போக வந்துவிடுவார்கள். காய்கள் கொண்டுபோக மறந்திருந்தேன். ஒரு பையன் ஓடிப்போய்த் தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கி வந்தான். பழுப்பு நிறம், கோலிக்குண்டு போல உருண்டை. அவை உருண்டு உருண்டு பாம்பின் வாயில் தாமாகவே விழுந்தன. அதற்கு ஒரு சண்டை, ஒரு தீர்ப்பு. சிலுவை போட்ட பெண்ணும் திருநீறு பூசிய பையனும் ஒரே ஏணிக்காக மல்லுக்கட்டினார்கள். வெளியே இருட்டும்வரை ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்று பேனாவும் மூன்று பேருக்கு. நாலாவது, அடுத்த காம்பராவில் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, பாட்டியோடு இருக்கும் சிறுமிக்கு. அவள் என் கணக்கில் இல்லாதவள். வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது வாசலில் நின்றாள். "பெரியம்மா, உங்க வீட்டுல எத்தன புள்ளைங்க?" என்றாள். பேரன்கள் இரண்டு, பேத்தி ஒன்று என்றேன். பழைய கொப்பித் தாளில் மடித்த கத்திக் கப்பல்களைப் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று என் உள்ளங்கையில் அடுக்கினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் ஒன்றை எடுத்து மேலே வைத்தாள்.