மங்கு

எனக்கு மங்கு விழுந்தது 2011இல், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும், யாரோ அடுப்புக்கரி விரலால் தொட்டுவிட்டுப் போனதைப்போல. தானாகப் போய்விடும் என்றார்கள், போகவில்லை. தெருமுனை மருந்துக்கடையில், மருத்துவர் சீட்டு எதுவும் கேட்காமல், கையளவுக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. மங்கு மட்டுமல்ல, என் நிறமே ஒரு படி ஏறியிருந்தது. கல்யாண வீடுகளில் உறவுக்காரப் பெண்கள் என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் அந்தக் களிம்பைப் போட்டுக்கொண்டேன். நிறுத்திய வாரத்தில் முகம் சிவந்து எரியும், ஆகவே நிறுத்துவதில்லை.

இலக்கியம் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் முகப்பூச்சைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நாம் வாசிக்கும் கதைகளில் பாதியேனும் ஒரு பெண் கண்ணாடி முன் நிற்கும் காட்சியைக் கொண்டிருக்கின்றன. அவள் என்ன பூசிக்கொண்டாள், அதில் என்ன இருந்தது என்று மட்டும் எவரும் எழுதுவதில்லை.

2016இல் கணவரின் வேலைநிமித்தமாகத் தென் கொரியாவின் சுவோன் நகருக்குக் குடிபோனோம். பெட்டியில் ஊறுகாய், புளி, பெருங்காயத்தோடு அந்தக் களிம்பிலும் எட்டுக் குழாய்கள். போய் இரண்டாம் மாதம், பன்னிரண்டு வயதான என் மூத்த மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அருகில் வந்தாள். அவள் முகத்திலிருந்து எனக்கு மிகவும் பழகிய வாசனை எழுந்தது. கேட்டேன். ஒரு வாரமாகப் போட்டுக்கொள்கிறாளாம். "உனக்கு நல்லாத்தானேம்மா ஆச்சு?" என்றாள். நான் அவளை ஒருநாளும் கறுப்பு என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்கவில்லை. ஐந்தாண்டுகளாக ஒவ்வோர் இரவும் அவள் கண்ணெதிரே கண்ணாடி முன் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் இருவரும் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அந்தப் பெண்மணி குழாயின் பின்புறத்து எழுத்துகளை வாசித்துவிட்டு, எத்தனை மாதமாக என்று கேட்டார். நான் ஐந்து விரல்களைக் காட்டினேன். ஐந்து மாதமா என்றார். இல்லை என்றேன்.

அதில் இருந்தவை மூன்று: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். மங்குக்கு இம்மூன்று வகையையும் சேர்க்கும் முறை புதிதல்ல. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் தம் சகாவுடன் 1975இல் எழுதிய சூத்திரத்தின் வழிவந்தது. மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் போட வேண்டியது. மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. நாள்பட்டால் தோலை மெலிய வைக்கும், நுண்ணிய இரத்தக்குழாய்களை வெளியே காட்டும், பரு கிளப்பும், மேலுதட்டில் மயிர் வளர்க்கும். நான் "சிவப்பு" என்று மகிழ்ந்ததில் ஒரு பங்கு மெலிந்த தோலின் வழியே தெரிந்த இரத்தம். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் சிதைந்த முகம். அவர்களுடைய விடாத முறையீட்டுக்குப் பின் 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பதும் கடையில் கேட்பதும் வேறு வேறு என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிறுத்தினேன். மகளுக்கு ஒரு வாரப் பழக்கம்தான், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நான்கு மாதம். குளிர்காலம் வேறு, கொரிய வீடுகளில் தரைக்கடியில் வெந்நீர் ஓடும், வீட்டுக்குள் காற்று அப்பளம்போல் காய்ந்திருக்கும். வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. கொரிய மொழியில் பூச்சற்ற முகத்துக்கு "மின்னாத்" என்றொரு சொல் உண்டு. தமிழ்க் காதுக்கு "மின்னாத" என்று விழும். இந்தத் தற்செயலை வைத்துக்கொண்டு, அம்மா அப்பா ஒற்றுமையை வைத்துச் செய்வதைப்போல, தமிழும் கொரியமும் ஒரு தாய் மக்கள் என்று நிறுவும் நோக்கம் எனக்கில்லை. அந்த ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் என் முகத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை.

எதிர்வீட்டு மூதாட்டிதான் என்னைக் கடைக்கு அழைத்துப்போனார். எழுபதைத் தாண்டியவர். என் கொரியமும் அவர் ஆங்கிலமும் சேர்ந்து ஒரு முழு வாக்கியம் ஆகாது. சுவோன் ரயில் நிலையத்துக்கருகில் அழகுப்பொருள் கடை. விற்பனைப்பெண் "ஸ்கின்? ஸ்கின்?" என்று கேட்டாள். ஆம், தோல்தான், தோலில்தான் பிரச்சினை என்று நான் தலையாட்டத் தலையாட்ட, அவள் தண்ணீர் போன்ற திரவமுள்ள குப்பிகளாக எடுத்து அடுக்கினாள். நாம் டோனர் என்று சொல்வதற்குக் கொரியர் புழங்கும் சொல்லே "ஸ்கின்" என்பது பிறகுதான் தெரிந்தது. மூதாட்டி குப்பிகளை ஒதுக்கிவிட்டு இரண்டே பொருள் எடுத்தார். செராமைடு கலந்த ஒரு கிரீம். "பியோங்புல்" என்று எழுதிய இன்னொன்று. அதன் அட்டையில் சிறுசிறு விசிறி இலைகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வல்லாரை.

பரீட்சைக்கு முன்பெல்லாம் துவையலாக அரைத்து என் அம்மா தட்டில் வைக்கும் அதே வல்லாரை. அதிலுள்ள ஆசியாட்டிகோசைடு, மடெகாசோசைடு போன்றவை புண் ஆற உதவுகின்றன என்று கண்டு, அதன் சாற்றிலிருந்து எடுத்த "மடெகசோல்" என்னும் களிம்பு 1970 முதல் கொரியாவில் விற்கப்படுகிறது. சிராய்ப்புக்கு அதைத் தடவாத கொரியக் குழந்தை அரிது என்கிறார்கள். மருந்துக் குழாயிலிருந்து அது அழகுக் கிரீமுக்கு நகர்ந்தது அண்மைக் கதை. பெரும்பாலும் மடகாஸ்கரிலிருந்து வருகிறது. ஜேஜு தீவிலும் பயிரிடுகிறார்கள். காயம்பட்ட புலி புரண்டு எழும் புல் என்று கதை கட்டி விற்கிறார்கள். எங்கள் ஊரில் அது நினைவாற்றலுக்கு. நான் தின்றதில் நினைவு வளர்ந்ததா என்பது வேறு விஷயம். பூசியதில் எரிச்சல் அடங்கியது.

செராமைடு அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவராக நினைத்துக்கொண்டால், செல்கள் செங்கல், செராமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் இடையே பூசிய காரை. என் சுவரில் காரையெல்லாம் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த சுவருக்கு வெள்ளையடித்து என்ன பயன்?

ஆறு மாதத்தில் முகம் அமைதியானது. மங்கு முழுதாகத் திரும்பி வந்திருந்தது. அதற்குப் பின்தான் எனக்கு இந்தப் பொருள்களின் மீது உண்மையான ஆர்வம் பிறந்தது என்று சொல்ல வேண்டும். அட்டைகளை வாசிக்கத் தொடங்கினேன். வாசகி வேறென்ன செய்வாள்? உட்பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஆனால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். தங்கமும் முத்தும் ஜின்செங்கும் அட்டையில் முன்னால் வந்து அமர்வது இந்தச் சலுகையில்தான். "வல்லாரைச் சாறு தொண்ணூறு விழுக்காடு" என்றால் வல்லாரை ஊறிய நீர் தொண்ணூறு. அந்த நீரில் வல்லாரை எவ்வளவு என்று அட்டை சொல்லாது. தேதிக்குப் பக்கத்தில் "ஜேஜோ" என்றிருந்தால் செய்த நாள், "க்காஜி" என்றிருந்தால் அந்த நாள்வரை. முதலாவதை இரண்டாவதாக நினைத்து, புதிய புட்டி ஒன்றைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

நியாசினமைடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம், விலை மலிவு. நிறமித் துகள்கள் மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. கொரியாவில் 2000இலிருந்து நடைமுறையிலுள்ள சட்டம் நிறம் வெளுப்பித்தல், சுருக்கம் குறைத்தல், வெயில் காத்தல் என்று சொல்லி விற்பவற்றைத் தனி வகையாக்கி, எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்று வரையறுத்தது. அதில் நியாசினமைடுக்கு இரண்டு முதல் ஐந்து. அதற்கு மேல் பத்து, இருபது என்று கூவி விற்பதை நான் வாங்குவதில்லை. இதே சத்து உணவில் இல்லாமல் போய்த்தான், சோளத்தையே உண்டு வாழ்ந்த தக்காணத்து ஏழைகளுக்குப் பெல்லாக்ரா கண்டு தோல் கறுத்து உரிந்தது. ஹைதராபாதில் கொலுத்தூர் கோபாலன் அதை ஆராய்ந்தார். ஒருவருக்குச் சோற்றில் இல்லாதது இன்னொருவருக்குச் சீரத்தில்.

நத்தைச் சளியை மட்டும் என்னால் பூசிக்கொள்ள முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வயல் நத்தையை மூலத்துக்குச் சமைத்துத் தருவார்கள். அந்த ஞாபகம் முகத்தோடு ஒட்டவில்லை.

பத்துப் படிகள் என்று பிரபலமானதே, அது பெரும்பாலும் அமெரிக்கர்களுக்குச் சொல்லப்பட்ட கதை. எதிர்வீட்டு மூதாட்டிக்கு மூன்று படிதான். முதலில் எண்ணெய் தேய்த்து அழுக்கைக் கரைப்பார், பிறகு நுரை போட்டு எண்ணெயைக் கழுவுவார். இதை ஏதோ கண்டுபிடிப்பைப்போல இன்று உலகெங்கும் சொல்கிறார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. ஜோசோன் காலத்துக் கொரியப் பெண்களும் பச்சைப்பயற்றை அரைத்துத்தான் முகம் கழுவினார்கள். "ஜோது" என்று பெயர். அரிசி கழுநீரும் உண்டு. 1930களில் கேசோங் நகரில் யுன் தொக்ஜியோங் என்ற பெண்மணி கமேலியா விதை எண்ணெய் ஆட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் மகன் 1945இல் தொடங்கியதுதான் இன்றைய அமோர்பசிபிக்.

மூதாட்டி என்னிடம் மிகுதியாகப் பேசியது பெயர்ச்சொற்களில் அல்ல. என் கன்னத்தைத் தொட்டு "சோக்சோக்" என்பார். ஈரப்பசை வந்துவிட்டது என்று பொருள். "போதுல்போதுல்" என்றால் பட்டுப்போல. "பொந்துல்பொந்துல்" என்றால் எண்ணெய் வழிகிறது, குறை. நான் பதிலுக்குச் சொரசொர, வழவழ, பிசுபிசு என்று கற்றுக்கொடுத்தேன். பிசுபிசு அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. கோடையில் லிஃப்ட்டில் பார்த்தால் அதையே வணக்கமாகச் சொல்வார்.

அவர்தான் ஒருநாள் தம் தாயார் காலத்து "பாக்காபுன்" பற்றிச் சொன்னார். பிறகு தேடிப் படித்தேன். பாக் சுங்ஜிக் என்ற சியோல் துணி வியாபாரியின் வீட்டில் தயாரான வெள்ளை மாவு. துணி வாங்குவோருக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி, பிறகு நாடெங்கும் விற்றது. நன்றாக ஒட்டும், நன்றாக வெளுக்கும். காரணம் அதில் ஈயம். பூசிய பெண்களின் முகம் நீலம் பாரித்துச் சிதைந்தது. 1937இல் தயாரிப்பு நின்றது. மூதாட்டி சொல்லி முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தேநீர் ஊற்றினார். என் குழாயைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வெளுப்பின் மீதான மோகம் அங்கே குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். முகமாவுக் கடையில் 13, 21, 23 என்று மூன்று எண்கள் இருந்தன. 23 கறுப்பு. நானும் என் மகளும் அந்த எண்ணுக்கு வெளியே நெடுந்தொலைவில் இருந்தோம். விற்பனைப்பெண் 23ஐ என் கைமேல் தடவி, சுண்ணாம்புக்கோடு போட்டதுபோல் ஆனதும், தானே வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டாள். மகள் சிரித்தாள். ஓர் ஆண்டுக்கு முன்பாயிருந்தால் சிரித்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. 2024இல் ஒரு கொரிய நிறுவனம் இந்த எண்களைப் பல மடங்காக விரித்தது. அதற்கு ஒரு கறுப்பினப் பெண் தனக்கு எதுவும் பொருந்தவில்லையென்று காணொளி போட வேண்டியிருந்தது.

மங்குக்கு நான் கண்ட ஒரே உருப்படியான வழி வெயில் காப்புதான். எஸ்பிஎஃப் என்ற எண்ணை அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசித்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளம். நம்மில் பலர் திருநீறு அளவுக்கு இட்டுக்கொண்டு பலனில்லை என்கிறோம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் மங்கைக் கூட்டும்; அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள பூச்சு வேண்டும். காவிக்கல்லுக்குச் சிவப்பைக் கொடுக்கும் அதே பொருள்தான். புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்து, ஒருநேரத்தில் ஒன்றாகச் சேர்க்கிறேன். கர்ப்பிணிகள் டிரெட்டினாயின், ரெட்டினால் வகைகளைத் தொடாதிருப்பது நல்லது.

ஊர் திரும்பும் வாரம், மொழிபெயர்ப்பு ஒன்றுக்குக் கிடைத்த பணத்தில் எனக்கென்று ஒரு சீரம் வாங்கினேன். முப்பதாயிரத்துச் சொச்சம் வோன். தேவை என்று சொல்ல முடியாது. கண்ணாடிப் புட்டியும் அதன் கனமும் பிடித்திருந்தன. புத்தகக் கண்காட்சியில் இதைவிட அதிகம் செலவழித்து, பாதியைப் படிக்காமல் அடுக்கிவைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத குற்றவுணர்வு பணம் கட்டும் வரிசையில் வந்து நின்றது. பில்லைக் கிழித்துப் போட்டேன். வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும் கிழித்தேன். இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை அதையே வாங்குகிறேன். சென்னையில் இணையவழியிலேயே கிடைக்கிறது. பில்லைக் கிழிப்பதில்லை.

மங்கு இருக்கிறது. கோடையில் அடர்ந்து, மார்கழியில் சற்று வெளிறி.

சென்ற தை மாதம் அம்மா வந்திருந்தாள். எழுபத்தாறு வயது. வாழ்நாள் முழுக்கப் பயத்தம்மாவும் பூசுமஞ்சளும் தவிர வேறு எதையும் முகத்தில் வைத்துக்கொள்ளாதவள். முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து, மீன் செதில்போல் உதிர்ந்துகொண்டிருந்தது. இரவில் சொறியும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. என் செராமைடுக் கிரீமை எடுத்துத் தரையில் உட்கார்ந்து அவள் காலில் தடவினேன். வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் இரவு தானாகவே நீட்டினாள். பிறகு வல்லாரைக் கிரீமையும் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"வல்லாரைன்னு சொன்ன, வாசமே இல்லையே?"

"வாசத்தை எடுத்துட்டுத்தான் தருவாங்கம்மா."

"எவ்வளவு குடுத்த?"

இருநூறு ரூபாய் என்றேன். இருநூறா என்று திகைத்து, வழித்தெடுத்ததில் பாதியை மறுபடி டப்பாவின் விளிம்பிலேயே துடைத்து வைத்தாள்.