அம்மாவின் ஹேண்ட்பேக்கில் ஏன் ஆரஞ்சு மிட்டாய்? டோக்கியோவில் கிடைத்த பதில்!

ஆரஞ்சு மிட்டாய் இல்லாமல் அம்மா பஸ் ஏறவே மாட்டார். மதுரையிலிருந்து சென்னை வரும்வரை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே வருவார். "இந்த வயசுல என்னம்மா மிட்டாய் ஆசை?" என்று நானும் அக்காவும் கிண்டல் செய்யாத பயணமே இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே எங்களுக்கும் ஆளுக்கொன்று தருவார்.

போன ஏப்ரலில், டோக்கியோவில் வேலை பார்க்கும் அக்காவைப் பார்க்கப் போனோம். அம்மாவின் மிட்டாய் ஆசை தெரிந்த அக்கா, முதல் நாளே அமேயோகோவுக்குக் கூட்டிப்போனார்.

உயெனோ, ஒகாச்சிமாச்சி ஸ்டேஷன்களுக்கு நடுவே, ரயில் பாதையை ஒட்டி நீளும் கடைவீதி அது. கூட்டத்தைப் பார்த்தால் நம்ம ரங்கநாதன் தெருதான். மீன், செருப்பு, மேக்கப் சாமான் என எல்லாம் கிடைக்கும். ஜப்பானிய மொழியில் 'அமே' என்றால் மிட்டாய். மிட்டாய்க்கடைச் சந்து என்று பொருள்படும் 'அமேயா யோகோச்சோ'தான் சுருங்கி அமேயோகோ ஆனது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சர்க்கரைக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது இங்கே முளைத்த கள்ளச்சந்தையில் இனிப்புக்குத்தான் அத்தனை கிராக்கி. அமெரிக்கப் பொருள்கள் விற்றதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

இன்றும் இங்கே மிட்டாய்க் கடைகள் இருக்கின்றன. நாங்கள் போன கடையில், கூடையோடு நின்றவர்களில் நரைத்த தலைகளே அதிகம். குட்டி நட்சத்திரம்போல 'கொம்பெய்தோ'. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அறிமுகப்படுத்திய இனிப்பு இது. அடுத்து, ஒகினாவா கரும்புச் சர்க்கரைக் கட்டி. வாயில் போட்டதும் "அட, நம்ம வெல்லம்டி!" என்றார் அம்மா. பிளம்ஸ் புளிப்பு மிட்டாயில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

தின்றாயிற்று. காகிதத்தை எங்கே போடுவது? தெரு முழுக்கத் தேடியும் குப்பைத்தொட்டி இல்லை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் நடந்த விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு, பாதுகாப்புக்காகப் பல ஸ்டேஷன்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகளை எடுத்துவிட்டார்களாம். அவரவர் குப்பை அவரவர் வீட்டுக்கு. காகிதம் அம்மாவின் ஹேண்ட்பேக்குக்குள் போனது. உட்கார பெஞ்ச்சும் லேசில் கிடைக்கவில்லை. "நம்ம ஊர்ல ஒரு டீக்கடை பெஞ்ச்சாவது இருக்கும்" என்று கால் வலியோடு சலித்துக்கொண்டார்.

ஆனால், டாய்லெட்டுக்கு அலையவே இல்லை. ஸ்டேஷனில், பூங்காவில் என்று போகும் இடமெல்லாம் இருந்தது. காசு கிடையாது. சுத்தம், தண்ணீர், டிஷ்யூ எல்லாம் இருந்தன. ஷிபுயாவில் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் வடிவமைத்த கண்ணாடிக் கழிவறையைப் பார்த்து அம்மா மிரண்டேபோனார். வெளியிலிருந்தே உள்ளே முழுசாகத் தெரிகிறது! உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் கண்ணாடி மங்கி, எதுவும் தெரியாது. உள்ளே சுத்தமாக இருக்கிறதா, யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று முன்பே பார்த்துவிட்டு நுழையத்தான் இந்த ஏற்பாடு. நான் வெளியே காவலுக்கு நிற்க, அம்மா போய்விட்டு வந்து, "நிஜமாவே ஒண்ணும் தெரியலையா?" என்று மூன்று முறை கேட்டார்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். பிளம்ஸ் மிட்டாய் பாக்கெட் பிரிக்கப்படாமல் கிடந்தது. தண்ணீர் பாட்டில் மட்டும் திரும்பத் திரும்ப காலியானது.

"என்னம்மா, மிட்டாய் ஆசை போயிடுச்சா?"

"அதான் தண்ணி குடிக்கிறேனே, மிட்டாய் எதுக்கு? பஸ்ல தண்ணி குடிச்சா எங்கடி போறது? நாக்கு வறண்டா ஒரு மிட்டாய். 30 வருஷமா அப்படியே பழகிப்போச்சு."

எனக்குப் பேச்சே வரவில்லை. தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே பயணம் செய்ததில் அம்மாவுக்கு எத்தனை முறை சிறுநீர்த்தொற்று வந்திருக்கிறது! அதையும் இதையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய அடுத்த வாரம், மதுரை பஸ். "இன்னிக்கு நீ தண்ணி குடிம்மா, நான் கூட வர்றேன்" என்றேன். பாதி வழியில் ஒரு ஹோட்டல் வாசலில் பஸ் நின்றது. பத்து ரூபாய் கொடுத்து இரண்டு பேரும் உள்ளே போனோம். லைட் எரியவில்லை. கதவில் தாழ்ப்பாள் இல்லை. இந்தப் பக்கம் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் கிளம்பியதும் மீதித் தண்ணீரை என்னிடம் நீட்டிவிட்டு, அம்மா ஹேண்ட்பேக்கைத் திறந்தார். டோக்கியோ பிளம்ஸ் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். இந்த முறை நான் கிண்டல் செய்யவில்லை.